நடுக்குரலுக்கு ஆள் வேண்டும்

போன நவம்பர் மாதம் முழுக்க, நாங்கள் ஏழு பெண்கள் ஒரே ஒரு ஸ்வரத்துக்காகப் பாடுபட்டோம்.

சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்குப் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூடுவோம். மின்விசிறியைப் போட்டால் தாள் பறக்கும், அதன் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் குரலும் கேட்காது. அதனால் விசிறியை அணைத்துவிட்டு வேர்க்க விறுவிறுக்கப் பாடுவோம். எங்களை நடத்துகிற தம்பிக்கு முப்பது வயது இருக்கும். பகலில் கம்ப்யூட்டர் கடையில் வேலை. “டீச்சர், ஆல்டோ மட்டும் ஒரு தடவை” என்பார். பாடுவோம். “கோவிச்சுக்கிடாதீங்க டீச்சர், இன்னொரு தடவை” என்பார். மறுபடியும் பாடுவோம். அந்த ஸ்வரம் ஒரு நாள் கீழே வழுக்கும், இன்னொரு நாள் மேலே ஏறிக்கொள்ளும். சரியான இடத்தில் மட்டும் நிற்காது.

பாட்டின் பெயர் ‘ஓ மாக்னும் மிஸ்டேரியும்’. கிறிஸ்து பிறந்த இரவில் தொழுவத்து மாடுகளுக்குக் கிடைத்த தரிசனத்தை வியந்து சொல்லும் பழைய லத்தீன் வழிபாட்டுப் பாடல் அது. பல நூற்றாண்டுகளாகப் பலர் அதற்கு இசை அமைத்திருக்கிறார்கள். 16-ம் நூற்றாண்டு ஸ்பெயின்காரரான விக்டோரியா அமைத்தது மிகப் புகழ்பெற்றது. நாங்கள் எடுத்துக்கொண்டது நம் காலத்து அமெரிக்கரான மார்ட்டன் லாரிட்சன், லாஸ் ஏஞ்சலஸ் மாஸ்டர் கொரால் என்ற குழுவுக்காக எழுதிய, 1994 டிசம்பரில் முதன்முதலாகப் பாடப்பட்ட இசை. 1943-ல் பிறந்த லாரிட்சன், இளவயதில் வனத்துறைக்காகக் காட்டுத்தீயைக் கண்காணிக்கும் கோபுரத்தில் தனியாக இருந்தவர். அந்தத் தனிமையின் அமைதி இந்த இசையில் இருப்பதாக எனக்குத் தோன்றும்.

முதல் ஒத்திகையில் தம்பி தன் போனில் ஓர் ஓவியத்தைக் காட்டினார். பிரான்சிஸ்கோ சுர்பரான் 1633-ல் வரைந்தது. இப்போது கலிபோர்னியாவில் பாசடீனா ஊர் நார்ட்டன் சைமன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கறுத்த பின்னணியில் ஒரு மேசை. ஒரு தட்டில் எலுமிச்சை வகைக் கனிகள், நடுவில் ஒரு கூடை ஆரஞ்சு, மறுபக்கம் வெள்ளித் தட்டில் ஒரு கோப்பைத் தண்ணீரும் ஒரு ரோஜாவும். மனிதர் யாரும் கிடையாது. ஆனாலும் பூஜைக்கு எடுத்து வைத்ததைப் போல ஒரு பயபக்தி. அவை மரியாளுக்கு வைத்த காணிக்கை என்பதும், அந்தப் படத்தின் அடக்கத்தைத்தான் குரலில் கொண்டுவரப் பார்த்தேன் என்பதும் லாரிட்சன் எழுதியிருக்கும் செய்தி. போன் எங்கள் 27 பேர் கையிலும் சுற்றி வந்தது. மின்வாரியத்தில் லைன்மேனாக இருக்கும் எங்கள் பேஸ் குரல்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “கோப்பைத் தண்ணி அசையாம நிக்கி பாருங்க, நாமளும் அப்படித்தான் ஆரம்பிக்கணும்” என்றார். அன்றைக்கு ஆரம்பம் அப்படித்தான் வந்தது.

இனி அந்த ஸ்வரம். பாட்டு முழுவதும் டி மேஜர். நம் கணக்கில் இரண்டு கட்டைச் சுருதியில் சங்கராபரணம் என்று வைத்துக்கொள்ளலாம். ‘கன்னி’ என்று பொருள்படும் லத்தீன் சொல் வரும் இடத்தில் மட்டும் அந்த மேளத்துக்குள் அடங்காத ஒரு ஸ்வரத்தை, ஜி ஷார்ப்பை, லாரிட்சன் வைத்திருக்கிறார். பாட்டில் வேறெங்கும் அந்நிய ஸ்வரம் இல்லை. அந்தத் தாய் பிள்ளையைப் பெற்றவள். பின்னொரு நாள் அதே பிள்ளையைச் சிலுவையில் பார்க்கப்போகிறவள். அவள் வேதனையை இசையில் எப்படிச் சொல்வது என்று தவித்துத்தான் இந்த ஸ்வரத்துக்கு வந்தேன் என்கிறார். அதை அவர் மேலே பாடுகிற சோப்ரானோவுக்குக் கொடுக்கவில்லை. ஆல்டோவுக்குக் கொடுத்தார்.

எங்கள் ஆல்டோ வரிசையில் ஒரு வீணை டீச்சர் இருக்கிறார். சிவன் கோயில் தெருக்காரர். மூன்றாவது வாரம் அவர்தான் வழி சொன்னார். “அக்கா, இவ்வளவு நேரமும் சுத்த மத்தியமத்துல இருக்கோம். இந்த ஒரு இடத்துல கல்யாணியோட மத்தியமம் வந்துட்டுப் போகுது. பிரதி மத்தியமம்னு நினைச்சுப் பாடுங்க, தானா நிக்கும்.” பாடினோம். நின்றது. சுற்றியிருக்கிற குரல்களோடு உரசிக்கொண்டு, தொண்டையில் முள் மாதிரி ஒரு கணம் நின்று, பிறகு பக்கத்து ஸ்வரத்தில் போய்ச் சேர்ந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. 61 வயதில், பத்து வயது முதல் ஆல்டோ பாடி வருகிறவள் நான்.

ஆல்டோ என்றால் என்ன என்று வாசகர்களில் பலருக்குச் சொல்ல வேண்டியிருக்கும். நான்கு குரல் பாட்டில் பெண்களின் மேல்குரல் சோப்ரானோ, கீழ்க்குரல் ஆல்டோ. ஆண்களில் டெனர், பேஸ். ராகம் பெரும்பாலும் சோப்ரானோ கையில் இருக்கும். கேட்பவர்கள் வீட்டுக்குப் போகும்போது முணுமுணுப்பது அதைத்தான். பேஸ் அடித்தளம், இல்லாவிட்டால் உடனே தெரியும். நடுவில் இருக்கும் ஆல்டோவை யாரும் தனியாகக் கேட்பதில்லை. அதை எடுத்துவிட்டால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் ஏதோ குறைகிறது என்று மட்டும் தோன்றும்.

இதை எனக்குக் கற்றுத் தந்தவர் என் அப்பா. நாசரேத்துப் பக்கம் ஒரு சின்னச் சபையில் உபதேசியார். கோயில் சுவரில் ஒரு நீளத் துணிப்படம் தொங்கும். டோ, ரே, மீ, ஃபா என்று கீழிருந்து மேலாக எழுதியிருக்கும்; மாடுலேட்டர் என்பார்கள். அப்பா ஒரு பனைமட்டைக் குச்சியால் அதில் ஏறி இறங்குவார், குச்சி தொடுகிற எழுத்தை நாங்கள் பாட வேண்டும். ஆர்மோனியம் கிடையாது. டியூனிங் ஃபோர்க்கை முழங்காலில் தட்டிக் காதில் வைத்துக்கொண்டு நான்கு பிரிவுக்கும் தொடக்க ஸ்வரம் கொடுப்பார். டானிக் சோல்ஃபா என்கிற இந்த முறைக்கு இங்கிலாந்தில் நார்விச் ஊரைச் சேர்ந்த சாரா குளோவர் என்ற ஆசிரியை அடிகோலினார். ஜான் கர்வன் என்ற போதகர் 1840-களில் அதை வளர்த்தெடுத்தார். கோடு போட்ட மேற்கத்திய இசைக்குறிப்பைப் படிக்க வசதியில்லாத ஏழை மக்கள் பாட வேண்டும் என்பதற்காகவே உண்டான முறை அது. மிஷனரிகள் கையில் உலகம் சுற்றி எங்கள் தேரிக்காட்டுக்கும் வந்து சேர்ந்தது.

அப்பாவின் பேஸ் வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் பனையேறிகள். விடியலில் பனை ஏறிப் பதநீர் இறக்கிவிட்டு, மார்பில் மரம் உரசிய தழும்போடு வந்து நிற்பார்கள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார்கள். ஆனால் சோல்ஃபா தாளைக் கையில் கொடுத்தால் புதுப் பாட்டையும் முதல் பார்வையில் பாடிவிடுவார்கள். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ‘கிளாசிக்கல் கொயர் எல்லாம் படித்தவர்களுக்கு’ என்று இன்று யாராவது என்னிடம் சொன்னால், அந்தத் தழும்புகள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

இன்று அந்த வரிசைகள் எங்கே? என் சொந்த அனுபவத்தையே சொல்கிறேன். சுமார் பத்து வருஷத்துக்கு முன்பு நான் போய்க்கொண்டிருந்த ஒரு சபையில், ஆராதனைக்கு ‘விறுவிறுப்பு’ வேண்டும் என்று கமிட்டியில் முடிவெடுத்தார்கள். கீபோர்டு வந்தது. பட்டனைத் தட்டினால் டிரம்ஸ் தானாக அடிக்கும். நான்கு மைக் வந்தது, நான்கு பேர் அதில் ராகத்தை மட்டும் பாடினார்கள். எங்கள் கொயரை யாரும் கலைக்கவில்லை. மூலையில் நின்று நாங்கள் பாடுவது எங்களுக்கே கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆறு மாதத்தில் டெனர்கள் வரவில்லை. ஒரு வருஷத்தில் நாங்களும் நின்றுவிட்டோம். பச்சை அட்டைச் சோல்ஃபா புத்தகங்களை ஒருநாள் பழைய பேப்பர்காரரிடம் எடை போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு அழுதேன்.

கீபோர்டு வாசிக்கிற பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. இளையவர்கள் பாடும் துதிப்பாடல்களில் நல்லவை இருக்கின்றன. என் வருத்தம், ஒரே ஒரு விதமான பாட்டு மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிட்டதைப் பற்றி. நூறு பேர் கூடியிருக்கும் இடத்தில் நான்கு பேர் மைக்கில் பாடி, மிச்சப் பேர் கைதட்டினால் அதைச் சபைப் பாட்டு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பழையதைக் காப்பாற்றிவிட்டால் போதும் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இந்தக் குழுவில் சேர்ந்த பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது. ஹாண்டலின் அல்லேலூயாவை வருஷா வருஷம் பாடுகிற கொயர் நம் ஊர்களில் இன்னும் சில உண்டு. நல்லதுதான். அதோடு நின்றுவிட்டால், பக்தி இசை என்பது செத்துப்போனவர்கள் எழுதியது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். உயிரோடு இருக்கிற மனிதர்கள், நம்மைப் போலவே போர்ச் செய்தி பார்த்துத் தூக்கம் கெட்டவர்கள், கடவுளை நோக்கி என்ன எழுதுகிறார்கள் என்று ஒரு கொயர் பாடிக் காட்ட வேண்டும்.

ஆர்வோ பார்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1935-ல் எஸ்தோனியாவில் பிறந்தவர். சோவியத் ஆட்சியில் 1968-ல் விசுவாச அறிக்கையை வைத்து ‘கிரேதோ’ எழுதி அதிகாரிகளின் பகையைச் சம்பாதித்தார். பிறகு பல வருஷம் ஏறக்குறைய மௌனம். 1976-ல் மௌனம் கலைந்தபோது அவர் இசை அடியோடு மாறியிருந்தது. ஒரு குரல் ஏணிப்படி போல ஸ்வரம் ஸ்வரமாக நடக்கும். இன்னொரு குரல் மூன்றே மூன்று ஸ்வரங்களில் மணி போல அடித்துக்கொண்டிருக்கும். எங்கள் வீணை டீச்சர் அதைக் கேட்டதும் “தம்புரா போட்ட மாதிரி இருக்கு” என்றார். வேகம் இல்லை, பிருகா இல்லை. ஸ்வரத்தைச் சுத்தமாகப் பிடிக்கவும் மூச்சை அடக்கவும் தெரிந்தால், லைன்மேனும் லேப் டெக்னீஷியனும் சேர்ந்து முயன்று பார்க்கலாம்.

வேல்ஸ் நாட்டுக்காரர் கார்ல் ஜென்கின்ஸின் ‘தி ஆர்ம்டு மேன்’ இன்னொன்று. கொசோவோ போரில் மாண்டவர்களுக்குக் காணிக்கையாக்கப்பட்டு 2000-ம் ஆண்டு லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அரங்கேறியது. அமைப்பு கத்தோலிக்கத் திருப்பலி. ஆனால் அதற்குள் இஸ்லாமியரின் பாங்கு ஒலிக்கிறது. ஹிரோஷிமாவின் கவிஞர் டோகே சங்கிச்சியின் வரிகள் வருகின்றன. காட்டுத்தீயில் உயிர்கள் வெந்து மடியும் மகாபாரதப் பகுதி வருகிறது. இங்கிலாந்தில் ஊர் ஊராக, கடைக்காரரும் நர்சும் ஓய்வுபெற்றவரும் சேர்ந்த சாதாரணக் கொயர்கள் இதைப் பாடிக்கொண்டிருக்கின்றன. பாங்கும் மணியும் தேவாரமும் ஒரே காலையில் காதில் விழுகிற திருநெல்வேலியில் இதை நாம் பாடாவிட்டால் வேறு யார் பாடுவது? எங்கள் டெனர் வரிசையில் மேலப்பாளையத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் இருக்கிறார். இந்தப் படைப்பைப் பற்றித் தம்பி சொன்னபோது அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன்.

“லத்தீனும் இங்கிலீஷும் நமக்கு எதுக்கு? வேதநாயகம் சாஸ்திரியார் கீர்த்தனை இல்லையா?” என்று உறவுக்காரர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தஞ்சையில் சரபோஜி காலத்தில் வாழ்ந்த சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் எங்கள் வீட்டில் தினமும் ஒலித்தவை. அப்பா சாகும்போதும் அதைத்தான் பாடினோம். ஆனால் நான்கு குரல் பாட்டும் எங்கள் தாத்தா காலத்திலிருந்தே எங்களுடையது. பனையேறி பாடியதை வெள்ளைக்காரன் பாட்டு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது, அதைத்தான் நாம் கேட்க வேண்டும்: தமிழில் ஏன் யாரும் கொயருக்கென்று புதிதாக எழுதுவதில்லை?

எழுத முடியும் என்று ஒருவர் காட்டியிருக்கிறார். 2005-ல் இளையராஜா மாணிக்கவாசகரின் திருவாசகத்தை புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு பல குரல் இசையாகக் கொண்டுவந்தார். சைவத் திருமுறை, வெளியிட முன்னின்றது கத்தோலிக்கக் குருவான ஜெகத் கஸ்பர் ராஜின் தமிழ் மையம். அந்த வருஷம் அதைக் கேட்டபோது, தமிழ்ச் சொற்கள் நாலாபுறமும் இருந்து எழுந்து வந்து ஒன்றின்மேல் ஒன்று படிவதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஆனால் அதில் ஒரு பகுதியையாவது நம் ஊர்க் கொயர் ஒன்று மேடையில் நின்று பாடி நான் கேட்டதில்லை. ஒலிப்பேழையோடு நின்றுபோனால் அது ஒரு மனிதரின் சாதனை மட்டும்தான். ஊர்க்காரர்கள் பாடினால்தான் அது ஊரின் பாட்டு.

காசு விஷயமும் சொல்லிவிடுகிறேன். லாரிட்சன் இசைத்தாளை எங்கள் குழு ஆளுக்கொரு பிரதி காசு கொடுத்து வாங்கியது. ஒன்று வாங்கி ஜெராக்ஸ் எடுத்தால் போதுமே என்று சிலர் சொன்னார்கள். தம்பி ஒப்பவில்லை. எழுதியவருக்குக் கூலி கொடுக்காமல் அவர் ஜெபத்தை நாம் பாடக்கூடாது என்றார். கல்யாணப் பந்தலுக்கு டிஜே வைக்கக் கணக்குப் பார்க்காத நாம், இசைத்தாளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு யோசிக்கிறோம்?

டிசம்பர் மூன்றாவது சனிக்கிழமை. உயரமான கூரை போட்ட ஒரு பழைய கோயில். சவுண்டு சர்வீஸ் பையன் மைக் ஸ்டாண்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். வேண்டாம் என்றோம். “மைக் இல்லாம பின்னால உள்ளவங்களுக்கு எப்படிக்கா கேக்கும்?” என்றான். விசிறிகளையும் நிறுத்தச் சொன்னோம். சனங்கள் முதலில் முனகினார்கள், நோட்டீசை மடித்து விசிறிக்கொண்டார்கள். பார்வையற்றோர் பள்ளியில் படித்து ஆசிரியராக ஓய்வுபெற்ற ஒருவர் எங்கள் பேஸில் பாடுகிறார். தாள் இல்லாமல், வாட்ஸ்அப்பில் தம்பி அனுப்பிய ஒலிப்பதிவைக் கேட்டே எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தவர். தம்பியின் கை அசைவு அவருக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்கும் லைன்மேன் மூச்சிழுப்பதைக் கேட்டுத்தான் அவர் தொடங்குவார். அன்றைக்கு 27 பேரும் அவர் மாதிரியே, பக்கத்து ஆளின் மூச்சைக் கேட்டுத் தொடங்கினோம்.

மெதுவாகத்தான் ஆரம்பித்தோம். முதல் வரி முடிவதற்குள் நோட்டீஸ் விசிறுகிற சத்தம் நின்றுவிட்டது. வெளியே ஒரு ஆட்டோ போனது. ‘கன்னி’ வந்தது. வீணை டீச்சரின் விரல் என் முழங்கையைத் தொட்டது. பிரதி மத்தியமம். ஏழு பேரும் ஒரே இடத்தில் நின்றோம்.

எல்லாம் முடிந்து புடவையைச் சரிசெய்துகொண்டு வாசலில் நிற்கிறேன். சவுண்டு சர்வீஸ் பையன் வயரைச் சுருட்டிக்கொண்டே வந்தான். “அக்கா, நடுவுல ஒரு எடத்துல நெஞ்சுக்குள்ள ஏதோ பெசஞ்ச மாதிரி இருந்துச்சே, அது என்ன?” என்று கேட்டான். அவன் கிறிஸ்தவன் இல்லை. லத்தீனில் ஒரு சொல் தெரியாது. ஆறு நிமிஷப் பாட்டில் ஏழு பெண்கள் பாடிய ஒற்றை ஸ்வரத்தை, மைக் இல்லாமல், கடைசி வரிசையில் நின்று பிடித்துவிட்டான்.

சேகரக் கமிட்டிகளுக்கும், பள்ளி, கல்லூரி நடத்துகிறவர்களுக்கும், கோயில் விழாக் குழுக்களுக்கும் என் விண்ணப்பம் இதுதான். வாரத்தில் ஒரு சாயங்காலம் ஒரு ஹாலைத் திறந்து விடுங்கள். எந்தச் சாதி, எந்த மதம் என்று கேட்காமல் பாட வருகிறவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சோல்ஃபா தெரிந்த பெரியவர்கள் இன்னும் உங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வையுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, இசை படித்த ஒரு இளைஞரை அழைத்து, நல்ல சம்பளம் கொடுத்து, நான்கு குரலில் தமிழில் ஒரு புதுப் பாட்டு எழுதச் சொல்லுங்கள். அது தேவாரமாக இருக்கட்டும், சங்கீதமாக இருக்கட்டும், சீறாப்புராணமாக இருக்கட்டும். அந்தப் பாட்டில் ஆல்டோவுக்கும் ஒரு நல்ல ஸ்வரம் வைக்கச் சொல்லுங்கள். நாங்கள் பாடித் தருகிறோம்.